மூன்றாவது கோட்டுக்கு அடியில்

மேடையில் வீற்றிருக்கும் தூண்டில்காரர் சங்கத் தலைவர், எங்கள் மரப்பட்டறை மேஸ்திரி அவர்களே! வந்ததிலிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் செயலாளர் அவர்களே! தூண்டில் கடை முதலாளி அவர்களே! முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே! பக்கத்தில் இருக்கும் அண்ணன் மகளே! நாற்காலி கிடைக்காமல் சன்னல் ஓரம் நிற்கும் ஏரிக்கரைத் தோழர்களே! எல்லோருக்கும் இந்தப் பெயிண்டரின் வணக்கம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் அழுதார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறது. இறந்துபோனவர் மேல் கோபப்படலாமா என்று கேட்பீர்கள். உயிரோடு இருந்தபோது கோபப்பட்டேனே, அவர் காதில் வாங்கினாரா? இப்போதாவது எழுந்து போகாமல் கேட்கிறார். அந்தப் படத்தில் இருந்து அவர் எங்கே போக முடியும்?

பின்னால் தொங்கும் பதாகையில் ‘கடைசல் கலைச்செம்மல்’ என்று போட்டிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டறையில் யாராவது அவரை அப்படிக் கூப்பிட்டிருந்தால் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருப்பார். எங்களுக்கு அவர் அரைவார்த்தை அண்ணன். முழு வார்த்தை பேசினால் பல் தேய்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ! சாப்பிட்டாயா என்று கேட்டால் “சாப்…” என்பார். மீதியை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டில் கால் எத்தனை கடைந்தாய் என்று மேஸ்திரி கேட்டால் விரலைக் காட்டுவார். அதிலும் ஒரு விரல் பாதி மடங்கியிருக்கும். அந்த விரலைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று மேஸ்திரி என்னை வந்து கேட்பார்.

அப்படிப்பட்ட மனிதர் வாழ்நாளில் முழுசாகப் பேசியது இரண்டே வாக்கியம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, இரண்டாம் நாள், அண்ணியிடம் சொன்னாராம்: “பெயிண்டர்கிட்ட எல்லாம் இருக்கு. எழுதிக் குடுத்துட்டேன்.” சொல்லிவிட்டு இரண்டு நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பேசிய இரண்டு வாக்கியமும் என்னை மாட்டிவிடுகிற வாக்கியம்! நீங்களே சொல்லுங்கள், எரிச்சல் வருமா, வராதா?

சொந்தக்காரர்களில் சிலருக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் பகலெல்லாம் கடைசல் இயந்திரத்தில் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் கால் கடைவார். மற்ற நேரமெல்லாம் பொய்மீன் செய்வார். லூர் என்று கடையில் சொல்வார்கள். மரத்தில் செய்த மீன். தண்ணீருக்குள் முங்காது. மேலேயே மிதக்கும். தூண்டில் கயிற்றைச் சுண்டினால் தண்ணீரைக் கொப்பளிக்கும், அல்லது தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டும். அடியில் இருக்கும் விரால் ஏதோ அடிபட்ட உயிர் துடிக்கிறது என்று நம்பிப் பாய்ந்து வந்து கவ்வும். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் வயிற்றுக்குள் வைக்கும் ஈயம் ஒரு கிராம் கூடினாலும், துளை அரை விரல் தள்ளிப் போனாலும், அது மீன் இல்லை, விறகு.

இருபத்திரண்டு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் மீன் செய்தார். இந்தச் சங்கத்தில் அவர் மீன் இல்லாத பெட்டி கிடையாது. அத்தனைக்கும் பெயிண்ட் அடித்தது நான். அவர் போன பிறகு எல்லோரும் தேடுவது அந்த அளவுகளை. எந்த மீனுக்கு எவ்வளவு ஈயம், எங்கே துளை, வாய் எவ்வளவு குழிவு? அது எழுதின நோட்டு பெயிண்டரிடம் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயிண்டரோ இல்லை என்கிறான்.

ஆக, இந்த மண்டபத்தில் பாதிப் பேர் நான் நோட்டை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். மீதிப் பேர் நான் விற்றுவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். தலையைக் குனியாதீர்கள், எனக்குத் தெரியும். கடை முதலாளி என் தோளில் கை போட்டு, “ஒரே ஒரு நாள் குடுப்பா, பாத்துட்டுத் திருப்பித் தந்துடுறேன்” என்றார். இருபது வருடத்தில் அவர் என் தோளில் கை போட்டது அன்றைக்குத்தான். அது பரவாயில்லை. அண்ணன் மகள், நான் தூக்கி வளர்த்த பிள்ளை, இன்றைக்கு வரைபடம் போடும் வேலையில் இருப்பவள், அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்று என்ன சொன்னாள் தெரியுமா?

“சித்தப்பா, நோட்டு இருந்தா குடுத்துடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

யார்கிட்டயும் சொல்ல மாட்டாளாம்! அதற்கு அவள் என்னைத் திருடன் என்றே சொல்லியிருக்கலாம்.

அவளைக் குறை சொல்லவில்லை. அப்பா போன வாரமே அவர் இயந்திரத்தில் நின்று மூன்று மீன் கடைந்தாள். ஒன்று முங்கியது. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. மூன்றாவது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மூன்றையும் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் நீலத் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டுவிட்டு அவள் நின்ற நிலையைப் பார்த்தவன் நான். அவளுக்கு வேண்டியது நாலு எண். அந்த நாலு எண்ணை இந்த மனிதர் ஒரு காகிதத்தில் எழுதி ஆணியில் குத்தி வைத்திருக்கக் கூடாதா?

அதற்கு வருகிறேன். முதலில் அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டும் என்று அண்ணி சொல்லியிருக்கிறார்கள். முயற்சி செய்கிறேன்.

இந்தப் பைத்தியம் எப்படி ஆரம்பித்தது? ஒரு நாற்காலிக் காலில்! கடையும்போது நுனி உடைந்துபோன கால் ஒன்றை யாரோ பீப்பாயில் எறிந்தார்கள். அண்ணன் கை கழுவப் போனார். போனவர் வரவில்லை. இயந்திரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது, மேஸ்திரி கத்துகிறார். நான் போய்ப் பார்த்தேன். பீப்பாயில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கால் தலையைத் தூக்கி, வாலைத் தாழ்த்தி, ஏதோ கேள்வி கேட்பது போலச் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. விரலால் ஒரு தட்டு தட்டினார். அது தலையை ஆட்டியது.

“நடக்குது,” என்றார்.

“என்னண்ணே நடக்குது? அங்க மேஸ்திரி குதிக்கிறார்!”

“இது.”

அவ்வளவுதான். அன்றைக்கு மேஸ்திரி திறந்த வாயை மூடவில்லை, அப்படித் திட்டினார். அண்ணன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயோ, மனிதர் வருத்தப்படுகிறார் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. பத்து நாள் கழித்து அவர் முதல் மீனைக் கொண்டுவந்தபோதுதான் புரிந்தது. அகலமாகத் திறந்த வாய், உள்ளே நல்ல குழிவு, இழுத்தால் ‘குளக், குளக்’ என்று தண்ணீரைத் துப்பும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மேஸ்திரி’. தலைவர் அவர்களே, இத்தனை வருடமாக உங்களுக்குப் பிடித்த மீனின் பெயர் எப்படி வந்தது என்று இன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரியும். மன்னிக்க வேண்டும். அளவெடுத்தது அவர், நான் கலர் மட்டும்தான்.

சரி, செய்தார். செய்தால் மீன் பிடிக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்குக் கூட்டிப் போவார். நான் துடுப்புப் போட வேண்டும். அவர் படகின் முனையில் நின்று வீசுவார், இழுப்பார், வீசுவார், இழுப்பார். முதல் நாள் விரால் ஒன்று வந்து, பலகையால் தண்ணீரை அடித்த மாதிரி ஒரு சத்தம், மீனைக் கவ்வியது! நான் எழுந்து நின்று கத்துகிறேன், படகு ஆடுகிறது. விரால் துப்பிவிட்டுப் போய்விட்டது. பத்து நிமிடத்தில் இன்னொன்று. அதுவும் துப்பியது. நான்காவதும் துப்பியதும் நான் மீனைப் பிடுங்கிப் பார்த்தேன். முள்ளே இல்லை! வயிற்றில் முள் மாட்டும் வளையம் இருக்கிறது, வாலில் வளையம் இருக்கிறது, முள் மட்டும் இல்லை!

“ஏண்ணே, நாம மீன் பிடிக்க வந்தமா, மீனைக் கேலி பண்ண வந்தமா?”

“முள்ளு மாட்டினா ஆட்டம் தெரி…”

“தெரியாதா? அப்ப எப்ப மாட்டுவ?”

விரலைக் காட்டினார். பாதி மடங்கிய விரலோடு சேர்த்து, அடுத்த மாதமா, அடுத்த வருடமா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறு மணி நேரம் வெயிலில் துடுப்புப் போட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். மீன் எங்கே என்று என் மனைவி கேட்டாள். பதினோரு விரால் கடித்தது என்றேன். இன்றைக்கும் அவள் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு பல் தடத்தையும் அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லாத் தடமும் வாலோரமாகவே விழுந்திருந்தன. அடுத்த மீனிலிருந்து வயிற்று முள் வளையத்தை அரை விரல் வால் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு உங்களில் யார் யாருக்கு மீன் தப்பியது? சொல்லுங்கள்!

இப்போது எங்கள் சண்டைக்கு வருகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை, பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய், பிரைமர் அடி, பள்ளத்தில் பட்டி பார், அதாவது வெள்ளைப் பசை அடைத்து மட்டமாக்கு, மறுபடி தேய், பிறகு கலர் மூன்று கோட், மேலே வார்னிஷ். மூன்று கோட்! இரண்டு அடித்தால் மரம் எட்டிப் பார்க்கும். அதனால்தான் எனக்கு மூணுகோட்டு என்று பெயர். எவனாவது சொன்னால் அடிக்கப் போவேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பட்டம்தான்.

அண்ணன் மீனை அடித்துக் கொடுப்பேன். முதுகில் செதில் செதிலாக நிழல் விழும், வயிற்றில் சிவப்புக் கரையும், கண் பார்த்தால் இமைக்கும். அதைப் பீப்பாயில் போடுவார். பார்ப்பார். எடுத்து என் மேசையில் வைப்பார். ஒரே வார்த்தை.

“கனம்.”

“எது கனம்? உன் ஈயம் கனம்!”

“கோட்டு.”

“கோட்டு என்னண்ணே கனம்? ஸ்பிரேல காத்தா அடிக்கிறது கனமா? ஈயத்தைக் கொற!”

குறைத்தாரா? குறைத்தார். எப்படிக் குறைத்தார்? நான் நாலு நாள் உட்கார்ந்து அடித்த மீனின் வயிற்றில் துரப்பணத்தை வைத்து ‘கிர்ர்’ என்று துளைத்து, உள்ளே இருந்த ஈயத்தைச் சுரண்டி எடுத்து, துளையில் மரத்தூளும் பசையும் அடைத்துத் திருப்பித் தந்தார்! கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்குப் பட்டறையில் நான் சாப்பிடவில்லை. அவர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இந்தச் சண்டை பதினோரு வருடம் நடந்தது. பதினோரு வருடமும் ஜெயித்தது நான். ஏன்? என்னிடம் சாட்சி இருந்தது. எனக்கென்று அவர் ஒரு மீன் செய்து கொடுத்தார். கறுத்த முதுகு, சிவந்த வயிறு, பக்கத்துக்கு ஏழு புள்ளி. அதற்கும் மூன்று கோட்தான் அடித்தேன், வேண்டுமென்றே கெட்டியாக. அது எப்படி மிதந்தது தெரியுமா? ஏரியில் அதைப்போல் இன்னொன்று ஆடவில்லை. அவர் எப்போதெல்லாம் “கனம்” என்று வாயெடுத்தாரோ, அப்போதெல்லாம் நான் அதைப் பீப்பாயில் போட்டுக் காட்டுவேன். “இந்தா பாரு. மூணு கோட்டு. முங்குதா? சாயுதா? எம்பெயிண்டு கனம்னா இது எப்படிண்ணே மிதக்குது?”

போய்விடுவார்.

கடைசியாகச் சண்டை போட்டது இரண்டு மாதம் முன்னால். பேருந்து ஓட்டுநர் தம்பிக்குச் செய்த மீன். அதோ நாலாவது வரிசையில் இருக்கிறார். அண்ணன் வழக்கம்போல “கனம்” என்றார். வழக்கம்போல நான் என் மீனை எடுத்துப் பீப்பாயில் போட்டேன். அன்றைக்கு அவர் உடனே போகவில்லை. என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மனிதர் தோல்வியை ஒத்துக்கொண்டார் என்று நினைத்து, அன்று நான் பட்டறை முழுக்கத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

இருங்கள், அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை அண்ணியும் மகளும் அவர் மேசையை ஒழிக்க வந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது உதவிக்கா, நான் எதையாவது சுருட்டுகிறேனா என்று பார்க்கவா, நான் கேட்கவில்லை. மேசையோரம் இருக்கும் இடுக்கியில் அவர் கடைசியாகக் கடைந்த மீன் அப்படியே மாட்டியிருந்தது. பெயிண்ட் படாத வெறும் மரம். மகள் கழற்றித் திருப்பினாள். வயிற்றில் பென்சில் எழுத்து. அரிசி மணி அளவு. தச்சர்களின் கெட்டிப் பென்சிலை மரம் பள்ளம் விழ அழுத்தி எழுதியிருந்தார். அவள் உரக்கப் படித்தாள்.

“வால் ரெண்டு விரல். ஈயம் மூணு. கோட்டு ரெண்டு. கேக்க மாட்டான். மூணு கோட்டுன்னா ஈயம் ரெண்டு.”

கேக்க மாட்டானாம்! யார் கேட்க மாட்டான்? மகள் என்னைப் பார்த்தாள். அண்ணி என்னைப் பார்த்தார்கள். அந்த இடுக்கிகூட என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

“எல்லா மீன்லயும் இப்படி எழுதியிருப்பாரா சித்தப்பா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதியிருந்தார்! என் கைக்கு வந்த ஒவ்வொரு மீனின் வயிற்றிலும் பென்சில் கிறுக்கல் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்தேன்? உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தேன்! பள்ளத்தில் பட்டி பார்த்தேன்! மேலே மூன்று கோட் அடித்தேன்! மரவேலை செய்பவர் கோடு போடுவார், பெயிண்டர் அதை மறைக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் சட்டம். ஒருமுறை வெள்ளைக் கட்டில் ஒன்றில் பென்சில் கோடு லேசாகத் தெரிந்ததற்கு இதே மேஸ்திரி என்னை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து பென்சிலைக் கண்டால் என் கை தானாக உப்புத்தாளைத் தேடும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்தேனா? எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும், அதற்குள் பிரைமர் காய்ந்துவிடும்!

“எழுதிக் குடுத்துட்டேன்” என்றாரே, பொய்யா சொன்னார்? எழுதித்தான் கொடுத்திருக்கிறார், நானூறு தடவை! நீங்கள் தேடுகிற நோட்டு என்னிடம் இல்லை. அது உங்கள் பெட்டிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல் நான் பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனேன். என் மீனை எடுத்தேன். கறுத்த முதுகு, சிவந்த வயிறு, ஏழு புள்ளி. என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக எதையும் அடித்ததில்லை. பிளேடை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, “சுரண்டுறதுன்னா சுரண்டுங்க, இல்லன்னா வந்து கறி நறுக்குங்க” என்றாள். சுரண்டினேன். வார்னிஷ் போனது. மூன்றாவது கோட் போனது. இரண்டாவது, முதலாவது, பிரைமர். பென்சில் கறுப்பு இல்லை, அதை நான் எப்போதோ தேய்த்துவிட்டேன். ஆனால் அவர் அழுத்திய பள்ளம் இருந்தது. பள்ளத்துக்குள் என் பட்டி இருந்தது. கறுத்த மரத்தில் வெள்ளை வெள்ளையாக, ஒரு எழுத்தும் சிதையாமல்! மறைக்கப் பூசினேன், அதுவே காப்பாற்றி வைத்திருக்கிறது. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“பெயிண்டர் மீன். ஈயம் ரெண்டுதான். மூணு கோட்டு அடிப்பான். அடிக்கட்டும்.”

தோழர்களே! பதினோரு வருடம் நான் எந்த மீனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேனோ, அந்த மீனில் அவர் என் பெயிண்டுக்காக ஈயத்தைக் குறைத்து வைத்திருந்தார்! என் கனத்தை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னாலேயே ஆடினேன். “எப்படிண்ணே மிதக்குது?” என்று கேட்டேன். எப்படி மிதக்கிறது என்று அவருக்குத் தெரியும்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அரை வார்த்தை? சிரிக்கிறார்! நீங்களே சொல்லுங்கள், எரிச்சல் வருமா, வராதா?

பிறகு யோசித்தேன். சொல்லவில்லை என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன்? எழுதிக் கொடுத்தவருக்கு, சொல்லியாகிவிட்டது என்றுதானே நினைப்பு? நான் படித்துவிட்டுத்தான் அடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். இரண்டு கோட் என்று படித்துவிட்டு, வேண்டுமென்றே மூன்று அடிக்கிறான், எழுதிக் கொடுத்தும் கேட்காத கழுதை என்று நினைத்தே போய்விட்டார்! நான் பிடிவாதக்காரன் இல்லை அண்ணே. பிடிவாதக்காரன்தான், ஆனால் இந்த விஷயத்தில் இல்லை. நான் படிக்கவே இல்லை. அது மட்டும் உனக்குத் தெரியாமல் போய்விட்டது.

செயலாளர் புதுக் கலர் அடிக்கச் சொல்லிப் போன மாதம் ஒரு மீனைக் கொடுத்திருந்தார். அதையும் சுரண்டினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை இங்கே சொல்ல மாட்டேன். காலையில் அவரிடம் மட்டும் காட்டினேன். அப்போதிலிருந்துதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஓட்டுநர் தம்பியின் மீனையும் வாங்கிச் சுரண்டினேன். தன்னுடையதைச் சொல்லலாம் என்று அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். “வலது தோள் வலி. சொல்ல மாட்டான். வாய் பெரிசு. லேசா இழுத்தாப் போதும்.” தம்பி, உனக்குத் தோள் வலி என்று எங்களில் யாருக்காவது தெரியுமா? உன் வீட்டில் தெரியுமா? இல்லை என்று தலையாட்டுகிறார் பாருங்கள். நீங்கள் வீசும்போது, இழுக்கும்போது, களைத்து உட்காரும்போது அந்த மனிதர் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பார்த்ததை எல்லாம் உங்கள் மீனின் வயிற்றில் எழுதி வைத்திருக்கிறார். ஒரே அச்சில் நானூறு மீன் என்றுதானே நினைத்தோம்? ஒன்றுபோல் இன்னொன்று இல்லை!

ஆகவே உங்கள் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்கிறேன். உங்கள் பெட்டியில் இருக்கும் அண்ணன் மீன் அத்தனையும் என்னிடம் வர வேண்டும். என் பெயிண்டை என் கையாலேயே சுரண்டுவேன். செதில், புள்ளி, கண், எல்லாம் போகட்டும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள், அளவெடுப்பாள், வரைவாள், நோட்டில் எழுதுவாள். உண்மையான நோட்டு, காகிதத்தில்! அது இந்தச் சங்க மேசையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடை முதலாளியும் பார்க்கலாம், என் தோளில் கை போட வேண்டியதில்லை. உங்களைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தனிக் காகிதத்தில் மடித்து உங்கள் கையில் தருவாள். பிறகு மீனுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிப்பேன். அதற்கு முன் பட்டி பார்ப்பேன், எழுத்து அழியாமல் இருக்க.

முதல் வேலை, இடுக்கியில் இருந்த அந்தக் கடைசி மீன். அது மகளுக்கு. வரும் ஞாயிற்றுக்கிழமை பீப்பாயில் போடுவோம், சரியாக இருந்தால் ஏரிக்குக் கொண்டுபோவோம். அவள் வீசுவாள், நான் துடுப்புப் போடுவேன். முள் மாட்ட மாட்டோம். கடிக்கிற விரால் கடிக்கட்டும், துப்பட்டும். வீட்டில் என் மனைவி சிரிக்கட்டும்.

இப்போது ஒரு நிமிடம் மௌனம் என்று தலைவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். உட்காருங்கள் மேஸ்திரி. மௌனம் போதும்! இருபத்திரண்டு வருடம் அவர் மௌனம், நான் குருடு, இரண்டும் சேர்ந்துதான் இத்தனை வினை. இந்த ஒரு நிமிடத்தில் ஒவ்வொருவரும் அந்தப் படத்தைப் பார்த்து, அவரிடம் சொல்லாமல் விட்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சத்தம் கலந்தால் கலக்கட்டும். தம்பி, தோள் வலியைச் சொல். அண்ணி, நீங்களும்தான்.

நான் ஆரம்பிக்கிறேன்.

அண்ணே, கனம்தான். ரெண்டு கோட்டு.